வத்தகைப்பழம் முடிவதற்குள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். 'வெயில் காலத்துக்கு எளிய வத்தகைப்பழச் சமையல்' என்று அதில் ஒரு பக்கம் திறந்திருந்தது. வத்தகை என்றால் தர்பூசணி. எங்கள் மலை ஊரில் வெயில் என்பது எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போகிற விருந்தாளி. அதற்கென்று தனியாகச் சமையல் வேறா என்று நான் கேட்கவில்லை. சமைக்கிறவர்களிடம் வாய் கொடுக்காமல் இருக்கப் பழகிப் பல காலமாயிற்று. பழத்தைத் துண்டு துண்டாக வெட்டவும், புதினா கிள்ளிப் போடவும், தேசிக்காய் பிழியவும் என்று வாசித்துக்கொண்டே போனவள், "கடைசியா ஒரு சிட்டிகை உப்பு தூவணுமாம்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவர்களுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவன். லயத்துக்குப் பின்னால் மலை ஊற்றிலிருந்து பீலி விழும். மூங்கிலை இரண்டாகப் பிளந்து பாறையில் சொருகியிருப்பார்கள். அதன் நுனியில் வாயை வைத்தால் பல் கூசும். தண்ணீருக்கு ருசி என்று ஒன்று இருக்கிறது என்பதே வேலைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்து, சனங்கள் முகாம்களிலிருந்து திரும்பிக் குடியேறிக்கொண்டிருந்த காலம். ஆசிரியர் நியமனம் மன்னாரில் விழுந்தது. "மன்னார் சிலோன்லயா இருக்கு, இந்தியாவுலயா?" என்று அம்மா கேட்டார். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ளயில்ல இருக்கு" என்று கவலைப்பட்டார். புறப்படும்போது ஒரே ஒரு கட்டளைதான். "போற வீட்டுல சோத்தையும் தண்ணியவும் கொற சொல்லிறாத. சொன்னா வளத்த எனக்குத்தான் கேவலம்." இந்தக் கட்டளைதான் பின்னால் என்னைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் காரணம்.

முதல் ராத்திரி மன்னார் பட்டினத்தில், உப்புக்குளத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் படுத்தேன். இடத்தின் பெயரைக் கேட்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்கு பஸ் ஏறினேன். பாப்பாமோட்டைப் பக்கம் ஓர் ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், எங்கள் தண்ணீரைப் பற்றி ஊருலகத்துக்கு எழுதிவிட்டாயே என்று சூசை அண்ணன் பஸ் ஏறி மலைக்கே வந்துவிடுவார்.

அந்தச் சூசை அண்ணன்தான் சந்தியில் சைக்கிளோடு நின்றார். பெட்டியை வாங்கிப் பின்னால் கட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் மெலிவுதான். பரவாயில்ல, நிண்டா காணும்" என்றார். நிற்பது என்றால் என்ன என்று வழியில்தான் விளங்கியது. எனக்கு முன்னால் மூன்று ஆசிரியர்கள் வந்து, மூன்று பேரும் நிற்காமல் போயிருந்தார்கள். நானும் போனால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் சந்திப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். நாங்கள் வந்துகொண்டிருந்த பாதையில் இரண்டு பக்கமும் பற்றைக்காடு. அங்கங்கே மிதிவெடிப் பலகைகள், சிவப்பு மண்டையோட்டோடு நின்றன. ஆறு வயதுப் பிள்ளை நடக்கிற பாதையா அது?

பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்தவர் சூசை அண்ணனின் மனைவி ரீத்தாக்கா. தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, பிள்ளைகளோடு திரும்பி வந்தவர். தறப்பாள் கூடாரத்தில் இருந்துகொண்டே அரசாங்கக் கந்தோர் கந்தோராக, அலுவலகம் ஒன்று விடாமல் ஏறி இறங்கி ஒரு தகரக் கூரை மண்டபத்தை வாங்கிவிட்டார். மண்டபத்துக்குள் நிற்க ஒரு வாத்தியார் மட்டும்தான் அவருக்கு வாய்க்கவில்லை.

போய் இறங்கியதும் முதல் வேலையாக ரீத்தாக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வெயிலில் வந்த தாகம், அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். கஞ்சிக்கு உப்பைப் போட்டவர் கஞ்சியைப் போட மறந்துவிட்டது போலிருந்தது. வாயிலிருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று நான் தவிக்கும்போது முற்றத்தில் நின்ற ஊரே என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பிடி சேர் எங்கட தண்ணி?"

அம்மா முகம் கண் முன்னால் வந்தது. விழுங்கினேன். "நல்லா இருக்குங்க" என்றேன்.

"இந்தப் பக்கத்திலேயே எங்கட கிணறுதான் திறம்" என்றார் ரீத்தாக்கா பெருமையோடு. "அங்கால ஊர்க் கிணத்தில குடிச்சுப் பாருங்கோ. உப்புக் கரிக்கும், வாயில வைக்கேலாது."

அவர் நடிக்கவில்லை என்பதை நம்பவே எனக்குச் சில நாட்கள் பிடித்தன. யோசித்துப் பார்த்தால் பிழை அவர்களிடம் இல்லை. ரீத்தாக்கா அக்கரையில் கடலோர முகாமில் வருடக்கணக்காக உவர்த் தண்ணீர் குடித்தவர். பக்கத்து வளவு சபீனா ராத்தா இடம்பெயர்ந்து புத்தளத்துக் கரையில் இருந்து வந்தவர். அந்தத் தண்ணீரும் அப்படித்தான். ஓடிய இடமெல்லாம் உப்பையே குடித்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு, சொந்தக் கிணறு இனிக்கத்தானே செய்யும்? இதை நான் அன்றைக்கு இவ்வளவு நியாயமாக நினைக்கவில்லை. அன்றைக்கு நினைத்ததெல்லாம் தவணை முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிட வேண்டும் என்பதுதான்.

எதையும் தாங்கினேன், தேநீரைத்தான் தாங்க முடியவில்லை. என் பரம்பரையே தேயிலை கிள்ளிய பரம்பரை. உப்புத் தேநீரைக் குடிக்கும்போதெல்லாம் செத்துப்போன பாட்டன் பூட்டன்மார் எல்லாரும் கொழுந்துக் கூடையோடு வந்து என்னை முறைத்துப் பார்ப்பதாகத் தோன்றும். டின்பால் ஊற்றினால் திரைந்து போகும். அதையும் "நல்லா இருக்குங்க" என்று சொல்லிக் குடித்தேன். நல்லாயிருக்கிறது என்று சொன்னதால் இன்னொரு கோப்பை கிடைத்தது.

முன்னால் வந்த மூன்று பேரும் ஏன் போனார்கள் என்பதில் ஊருக்குள் பெரிய ஆராய்ச்சியே நடந்திருந்தது. முதலாவது சேர் நுளம்புக் கடிக்குப் பயந்து போனாராம். இரண்டாவதாக வந்த ரீச்சர், இரவில் மயில் அகவியதைப் பேய் என்று நினைத்துவிட்டாராம். மூன்றாமவர் போனதற்குச் சூசை அண்ணனின் பாட்டுத்தான் காரணம் என்று ஏகமனதாகத் தீர்ப்பாகியிருந்தது. அவர் விடியப்புறத்தில் கிணற்றடியில் நின்று கோயில் பாட்டுப் பாடுகிறவர். நான் வந்த நாளிலிருந்து பாடக்கூடாது என்று ரீத்தாக்கா தடை போட்டிருந்தார். மனுசன் வாயை மூடிக்கொண்டு மூக்கால் முணுமுணுத்தபடி தண்ணீர் அள்ளுவார். தண்ணீரை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. போனவர்களும் ஒருவர் மிச்சமில்லாமல் அதைப் புகழ்ந்துவிட்டல்லவா போயிருக்கிறார்கள்!

அந்த நிலைமையில்தான் வத்தகைப்பழம் வந்தது. மிதிவெடி அகற்றியவர்கள் கிளறிவிட்டுப் போன மணல் காணியில் எல்லாரும் விதை போட்டிருந்தார்கள். மண் நன்றாக இளகியிருந்ததோ என்னவோ, கொடி கொடியாகக் காய்த்து மாசி கடைசியில் எல்லாம் ஒன்றாகப் பழுத்தன. ஊருக்குள் வரும் பாதையில் மதகு உடைந்து கிடந்ததால் லொறி வரவில்லை. சைக்கிளில் எத்தனை பழத்தைக் கட்டிக்கொண்டு போவது? மிச்சத்தை ஊரே தின்றாக வேண்டியிருந்தது.

முதல் பழத்தை ரீத்தாக்கா முழங்காலில் வைத்துத் தட்டிப் பார்த்து, மடக்குக் கத்தியால் கீறி, ஒரு கீற்றை என்னிடம் நீட்டினார். கடித்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னாருக்கு வந்தபின் உப்பில்லாத தண்ணீர் அன்றைக்குத்தான் என் தொண்டையில் இறங்கியது. அந்தக் கொடிக்கு ஊற்றியதும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். உப்பைக் குடித்துவிட்டு இப்படி ஒரு இனிப்பை எங்கிருந்துதான் எடுத்தது! அன்றைக்கு அரைப் பழம் தின்றேன். மறுநாள் தாகம் எடுத்தபோது செம்பைத் தேடவில்லை, பழத்தைத் தேடினேன்.

எனக்குச் சாப்பாடு முறைவைத்து வந்தது. ஒரு நாள் ஒரு வீடு. பழக்காலத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாகக் காட்டியது. ரீத்தாக்கா செய்வது சர்பத். பழச் சதையைக் கையாலேயே பிசைந்து, விதையை வடித்து, தேசிக்காய், சீனி, ஊறவைத்துப் பொங்கிய கசகசா எல்லாம் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்குவார். சபீனா ராத்தா நோன்பு திறக்கச் செய்கிற மாதிரி, சின்னச் சின்னத் துண்டுகளில் டின்பாலும் றோஸ் பாணியும் ஊற்றித் தருவார். தண்ணீர் சேராததால் என் வாக்கு இரகசியமாக அவருக்குத்தான். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலிருக்கும் வெள்ளைத் தோலையும் எறிவதில்லை. சதுரமாக வெட்டி, பழப்புளி கரைத்த மீன் குழம்பில் போட்டால் பூசணி தோற்றது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் இல்லாதபடியால் தேங்காய்ப்பூப் போட்டு வறை. நானும் சும்மா இருக்கவில்லை. அம்மா பீர்க்கங்காய்த் தோலில் அரைக்கும் துவையலை, செத்தல் மிளகாய் வைத்து வத்தகைத் தோலில் அரைத்தேன். சூசை அண்ணன் றொட்டியில் தொட்டு வாயில் வைத்துவிட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு சேர்" என்றார். அவரையும் யாரோ ஒரு அம்மா வளர்த்திருக்கிறார்.

விதையைக்கூட விடவில்லை. தகரக் கூரையில் காயவைத்து, மணலில் வறுத்துப் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். கணக்குப் பாடம் முழுக்க கடுக் கடுக்கென்று சத்தம் கேட்கும்.

ஊரில் பழம் கெடாமல் இருக்கக்கூடிய குளிர்ந்த சீமெந்துத் தரை பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. எனவே எல்லாரும் தங்கள் பழங்களைக் கொண்டுவந்து பின் வரிசையில் அடுக்கிவிட்டார்கள். நான் திரும்பிக் கரும்பலகையில் எழுதும்போது ஒன்று உருண்டு வந்து என் காலைத் தொடும். பழங்கள் பிள்ளைகளைவிட ஒழுங்காக வரவு வைத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பழம் தின்ற தின்னலைப் பார்த்து ஊர் தனக்குள்ளே ஒரு முடிவுக்கு வந்தது. இந்தச் சேர் நிற்பது வத்தகைப்பழத்துக்காகத்தான்! அதில் பெரிய பிழை இருப்பதாக அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த முடிவிலிருந்து இன்னொரு பயங்கரமான முடிவும் பிறந்தது. பழம் முடிந்தால் சேரும் முடிந்தார்.

அதே நேரத்தில் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து செய்தி வந்தது. சித்திரைக்கு முன் பெரியவர் ஒருவர் நேரில் வருவார், வாத்தியார் நிற்பாரா என்று அவரிடமே கேட்டுத்தான் பள்ளிக்கூடத்தைப் பற்றி முடிவெடுப்பார். ரீத்தாக்காவின் தூக்கம் போய்விட்டது. கொடிகள் காயத் தொடங்கியிருந்தன. பழங்கள் வரிசையாகக் குறைந்துகொண்டிருந்தன. ஒரு நாள் மத்தியானம் மண்டபத்துக்கு வெளியே சூசை அண்ணனிடம் அவர் குரலைத் தாழ்த்திச் சொல்வது என் காதில் விழுந்தது.

"பழம் முடியிறதுக்குள்ள பெரியவர் வந்திட வேணும். மடு மாதாவுக்கு நேத்தி வைச்சிருக்கிறன்."

"வராட்டி?"

"வராட்டி நீங்கள்தான் மறிச்சுக்கட்டி வரைக்கும் போய் எங்கயாவது பழம் தேடிக் கொண்டு வாறீங்கள்."

அன்றிலிருந்து ஊரில் யாரும் பழம் தின்னவில்லை. வெட்டுகிற பழமெல்லாம் எனக்கு. தங்கள் பிள்ளைகளுக்கு விதையை மட்டும் கொடுத்துவிட்டு என் தட்டில் கீற்று அடுக்கினார்கள். கடைசி இரண்டு பழத்தையும் ரீத்தாக்கா தன் கட்டிலுக்குக் கீழே மணல் பரப்பிப் புதைத்து வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பழக்கீற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் குடித்துவிட்டு வரத் தொடங்கினேன். தவணை முடியப் போய்விட வேண்டும் என்று படுக்கும்போது நினைப்பது மட்டும் நிற்கவில்லை. தேவாரம் சொல்கிற மாதிரி அது ஒரு பழக்கமாகியிருந்தது.

பெரியவர் ஒருவழியாக வந்தார். மூத்த மனிதர், நெடுங்காலம் கண்டியில் வேலை பார்த்தவர். ஜீப்பில் கொண்டுவந்த போத்தல் தண்ணீர் உடைந்த மதகைச் சுற்றி வரும்போதே முடிந்திருந்தது. வியர்த்து வழிய இறங்கினார். கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். கடைசிப் பழங்களில் சர்பத் தயாராக இருந்தது. முன்னதாகவே ரீத்தாக்கா ருசி பார்த்திருந்தார். சபீனா ராத்தா பார்த்து, "சீனி காணும், இனிப் போட வேண்டாம்" என்றிருந்தார். நானும் பார்த்திருந்தேன்.

பெரியவர் ஒரே இழுப்பில் பாதியைக் குடித்தார். பிறகு கண்ணாடிக் குவளையை எட்டப் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னத்துக்கு உப்பைப் போட்டனீங்கள்?"

"உப்போ?" ரீத்தாக்காவின் முகம் வெளிறியது. "சீனிதானே சேர் போட்டனாங்கள்!" அவசரமாக ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "இனிப்பாத்தானே இருக்கு?" சபீனா ராத்தா குடித்துப் பார்த்து, "அல்லாவே, உப்பே இல்லையே" என்றார். சூசை அண்ணன் ஒரு முழுக் குவளையைக் குடித்துவிட்டு, உறுதியாகத் தெரியவில்லை, இன்னொன்று குடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ரீத்தாக்கா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடமே தன் கையால் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

"மாஸ்டர், நீர் சொல்லும்" என்று பெரியவர் குவளையை நீட்டினார்.

குடித்தேன். நாக்கில் வைத்து உருட்டிப் பார்த்தேன். அம்மா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முறை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை.

"உப்பாங்க சார்? தெரியலீங்களே."

பெரியவர் என்னையே பார்த்தார். "நீர் மலைநாட்டுப் பெடியன்தானே? பீலித் தண்ணி குடிச்சு வளந்தனீர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி அள்ளச் சொல்லி, ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"இந்தத் தண்ணி உமக்கு உப்புத் தெரியேல்லையெண்டா, இனி நீர் இந்த ஊர் ஆள்தான். உம்மட்ட என்னத்தைக் கேக்கிறது? பள்ளிக்கூடம் இருக்கட்டும்."

ஊர் ஆரவாரித்தது. நான் மட்டும் வாளிக்குப் பக்கத்தில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். எந்த நாள், எந்தக் கோப்பைத் தேநீரில் என் நாக்கு கட்சி மாறியது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது, அம்மாவை ஏமாற்றிவிட்டது போலவும் இருந்தது.

ஜீப் போன பிறகு ரீத்தாக்கா கிணற்றடியிலேயே நின்றார். "அப்ப முந்தி வந்த சேர்மார் எல்லாரும் தண்ணியாலயோ போனவை?" என்றார். "ஏன் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"நீங்க அவ்வளவு பெருமையா குடுத்தீங்கக்கா" என்றேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. சூசை அண்ணனுக்கோ அது விடுதலை நாள். "என்ர பாட்டில பிழையில்லையெண்டு இப்ப விளங்குதோ?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் விடியவே தொண்டையைத் திறந்தார். அதைக் கேட்டபோது, அந்த மூன்றாமவர் தண்ணீரால் மட்டும்தான் போனார் என்பதில் எனக்கு நியாயமான சந்தேகம் வந்தது.

சித்திரை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா பீலித் தண்ணீரில் ஆசையாய்த் தேநீர் ஊற்றித் தந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்னம்மா, ஏதோ கொறையுது?" என்றேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அம்மாவின் கட்டளையை மீறியிருக்கிறேன், அதுவும் அம்மாவின் தேநீரிலேயே. அம்மா அன்று சாயங்காலமே கோயிலுக்குக் கூட்டிப்போய் எனக்கு மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்.

அதன் பிறகு அந்த ஊரில் நெடுங்காலம் இருந்தேன். கலியாணம், பிள்ளை, இடமாற்றம் என்று மலைக்குத் திரும்பிய பிறகு போய்வர வாய்க்கவில்லை. போன வருடம்தான் போனேன். மதகு கட்டியாகிவிட்டது. மண்டையோட்டுப் பலகைகள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மாடி வந்துவிட்டது, பின் வரிசையில் பழம் உருளவில்லை. வத்தகைப்பழம் சந்தியிலேயே லொறியில் ஏறிவிடுகிறதாம். சபீனா ராத்தா வீட்டில் குளிர்ப்பெட்டி இருக்கிறது. சூசை அண்ணன் இல்லை. விடியப்புறத்தில் கிணற்றடி அமைதியாக இருக்கிறது, யாருக்கும் அது பிடிக்கவில்லை.

ஒவ்வொரு முற்றத்திலும் குழாய் இருந்தது. ரீத்தாக்கா குழாயைத் திறந்து காட்டி, கண்ணாடிக் குவளையில் பிடித்துத் தந்தார். நல்ல தண்ணீர். எந்த ருசியும் இல்லாத, நல்ல தண்ணீர். "கிணறு?" என்று கேட்டேன். கூட்டிப் போனார். கம்பி வலை போட்டு மூடியிருந்தார்கள். பழைய நேசத்தில் வலையை விலக்கி ஒரு வாளி அள்ளினேன். அண்ணாந்து ஊற்றியதுதான் தாமதம், தொண்டை வரைக்கும் உப்பு. விழுங்கிவிட்டேன்.

"எப்பிடி சேர் எங்கட தண்ணி?" என்றார் ரீத்தாக்கா.

"நல்லா இருக்குங்கக்கா."

அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியை வாங்கிக் கையில் ஏந்திக் குடித்தார். உடனே துப்பினார். "ஐயோ, இதையோ சேர் குடிச்சனாங்கள்!" இரண்டு பேரும் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் குழாய்க்கு எத்தின கந்தோர் ஏறினனான். வந்தது சந்தோசம்தான். ஆனா சேர், அண்டைக்கு அந்தச் சர்பத்தை எல்லாரும் இனிக்குது இனிக்குதெண்டு குடிச்சமே. அந்த நாக்கு எங்க போனது?"

கிணற்றடியில் யாரும் போடாமலே முளைத்த வத்தகைக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. ரீத்தாக்கா வாளியில் மிஞ்சியதை அதன் அடியில் ஊற்றினார். அது மட்டும் முகம் சுளிக்காமல் குடித்தது.